வெட்டாத நூடுல்ஸ்

கிண்ணத்தின் மூடியைத் திறந்த குவாங் போட்ட சத்தத்தில் கடையில் இருந்த இருபது பேரும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“யாரு இதை வெட்டுனது? அப்பாவோட எண்பதாவது பிறந்தநாளும் அதுவுமா நூடுல்ஸைத் துண்டு துண்டா வெட்டி வச்சது யாரு?”

யாரு, யாரு என்று கேட்பதற்கு அந்தக் கடையில் என்ன பத்துச் சமையல்காரர்களா இருக்கிறார்கள்? அடுப்படியில் நிற்பவள் ஒருத்திதான். அவனுடைய தம்பி கியெட்டின் மனைவி ஹுவே. அது குவாங்குக்கும் தெரியும், சோலோன் சந்தையில் பாதிப் பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டான். எல்லார் முன்னாலும் அவள் வாயாலேயே ‘நான்தான்’ என்று சொல்ல வைக்க வேண்டும் அவனுக்கு.

ஹுவே ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“நான்தான் செஞ்சேன் பெரியத்தான். ஆனா வெட்டல.”

“வெட்டலையா? எனக்கென்ன கண்ணு அவிஞ்சு போச்சா? ஒரு விரக்கடை நீளம்கூட இல்லையே! இது நூடுல்ஸா, கோழித் தீவனமா?”

“மாவைக் கிள்ளிக் கிள்ளி உள்ளங்கையில உருட்டினேன். கத்தியும் படல, கத்தரியும் படல. அது பொறக்கும்போதே குட்டை. குள்ளமா பொறந்தவனைப் பார்த்து, பாதியா வெட்டுப்பட்டவன்னா சொல்லுவீங்க?”

பின் மேசையில் யாரோ சிரித்தார்கள். குவாங் சிரிக்கவில்லை.

பிறந்தநாளன்று நூடுல்ஸின் நீளம்தான் ஆயுளின் நீளம். இது அந்தச் சந்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. பல்லால் கடித்து அறுப்பதே ஆகாது. உறிஞ்சித்தான் இழுக்க வேண்டும். ஹுவேயும் அவர்களைப் போலவே தியோச்சூ என்ற சீனச் சாதி சனத்தில் பிறந்தவள்தான், வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. பிறந்தநாள் வருகிறது என்று தெரிந்த நாள் முதல் அவளுக்கு அதே யோசனை. மாமனாருக்கு நீளமாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். வெட்டிக் கொடுத்தால் வழக்கத்துக்கு ஆகாது. கடைசியில்தான் இந்த வழி தோன்றியது. முட்டையும் சாம்பல் நீரும் விட்டு மாவு பிசைந்து, கடை ஓய்ந்த இரண்டு மதியங்கள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஊசி போல உருட்டினாள். உள்ளங்கை எரிந்தது. ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள்.

அதைத்தான் கோழித் தீவனம் என்றான், சிட்னியிலிருந்து நேற்று வந்து இறங்கிய மூத்த மகன்.

மாமனார் தியூ ஹுங் அதே கடை வாசலில் நாற்பது வருடம் வண்டி போட்டுக் கதம்ப நூடுல்ஸ் சூப் விற்றவர். சிவப்பாக வாட்டிய பன்றிக்கறி, ஈரல், இதயம், கொத்துக்கறி, இறால், கணவாய், மீன் உருண்டை, காடை முட்டை என்று ஒரு கிண்ணத்தில் ஊரையே கூட்டி வைத்திருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. கூடவே விழுங்குகிற சக்தியும் பாதி போயிற்று. எல்லாவற்றையும் அரைத்துக் கூழாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் பொடிப்பொடியாக வெட்டிக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். கூழைக் கொடுத்தபோது கிழவர் வாயை இறுக மூடிக்கொண்டார். நாற்பது வருடம் ஈரலை ஈரலாகவும் இறாலை இறாலாகவும் போட்ட மனிதர், எல்லாம் சேர்ந்த சேற்றை எப்படித் தின்பார்? அன்றிலிருந்து ஹுவே நூடுல்ஸைக் கத்தரியால் நறுக்கி, ஒவ்வொரு கறியையும் தனித்தனியாகக் கொத்தி, கிண்ணத்தில் அதனதன் இடத்தில் வைத்தாள். ஈரல் இடது பக்கம். இறால் மேலே. கண்ணை மூடிக்கொண்டு தின்றாலும் எது எங்கே என்று அவருக்குத் தெரியும். ஒரு கிண்ணம் ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு வருடமாக, காலைக் கூட்டம் முடிந்ததும் அவளுக்கு அதுதான் வேலை.

இந்த இரண்டு வருடத்தில் குவாங் என்ன செய்தான் என்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் சேரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தான். ஒரு சக்கர நாற்காலி அனுப்பினான். நல்ல நாற்காலிதான், என்ன, அந்த வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. அதில் இப்போது வெங்காய மூட்டை இருக்கிறது.

“அத்தை, நீங்க சொல்லுங்க,” என்றான் குவாங்.

கிழவரின் தங்கை லின் அத்தை நல்ல நாளுக்கென்று சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, பிரசாதப் பழத்துக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“வெட்டினாளோ உருட்டினாளோ, குட்டை குட்டைதான். சாமி என்ன சமையக்கட்டுக்குள்ள வந்தா பாக்கும்? கிண்ணத்தைத்தான் பாக்கும்.”

“அத்தை, நீளமா குடுத்தா அவருக்கு விக்கும். டாக்டர் சொல்லியிருக்காரு.”

“டாக்டருக்கு நம்ம வழக்கம் என்னடி தெரியும்? ஒரு நாளைக்கு, ஒரே ஒரு இழை. ஒரு இழை முழுங்க முடியாதா எங்கண்ணனால? மூட்டை தூக்கின உடம்புடி அது.”

ஹுவே புருஷனைப் பார்த்தாள். கியெட் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவனைப் போல நின்றான். டாக்டரிடம் இவளோடு போனவன் அவன். அந்த எச்சரிக்கையை இரண்டு காதாலும் கேட்டவன். இப்போது மேசைத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருக்கிறான்!

“ஏங்க, சொல்லுங்களேன். உங்களுக்குத் தெரியாதா?”

“அண்ணன் ஆசைப்படுறாரு...” என்றான் கியெட். “கொஞ்சமாத்தானே...”

கேட்டதும் ஹுவேக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. ஆசையாம்! யாருடைய ஆசை, யாருடைய தொண்டை? அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குவாங் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய், மேசைக்கடியில் இருந்த எச்சில் வாளியில் கவிழ்த்துவிட்டான்.

கோழி எலும்புக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவில் விழுந்தது இரண்டு மதிய உழைப்பு. ஈரல் ஒரு பக்கம், இறால் ஒரு பக்கம் என்று அவள் அடுக்கி வைத்ததெல்லாம் ஒரே நொடியில் சேறாயிற்று. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருவில் போகிற நாயை விரட்டுவதற்குக்கூட மனிதர்கள் ஒரு ‘சூ’ சொல்வார்கள்.

“நான் போடுறேன் அப்பாவுக்கு,” என்றான் குவாங். “இதே வண்டியில பதினெட்டு வயசுல நின்னவன் நான். கையி மறக்குமா?”

சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு வண்டிக்குப் போனான். போவதற்கு முன்னால் போனை மிளகாய்ச் சாடியின் மேல் சாய்த்து வைத்தான். அதில் சிட்னியிலிருந்து அவன் மனைவியும் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். “தாத்தாவுக்கு அப்பாவே சமைக்கப் போறேன், பாருங்க!” என்று அதைப் பார்த்துச் சொன்னான். நூடுல்ஸைச் சல்லடைக் கரண்டியில் போட்டு வெந்நீரில் முக்கி, குளிர்ந்த நீரில் அலசி, மறுபடி வெந்நீரில் முக்கி, உயரத் தூக்கி உதறினான். விருந்தாளிகள் கைதட்டினார்கள். கை மறக்கவில்லை என்பது உண்மைதான். நல்ல கைதான். அதுதான் ஹுவேக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கறிகளை மேலே அள்ளிப் போட்டான், முழுசு முழுசாக. இறாலின் வால்கூட எடுக்கவில்லை. ஆவி பறக்கக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தான்.

கிழவர் கிண்ணத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. கோணிப்போன வாயின் ஓரத்தில் ஏதோ அசைந்தது, மூக்கு விரிந்தது. குவாங் குச்சியில் ஒரு நீள இழையைத் தூக்கிப் பிடித்தபோது அவர் தானாகவே வாயைத் திறந்தார். ஹுவே வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சித்தான் பழக்கம். கெஞ்சாமல் அவர் திறந்ததை இரண்டு வருடத்தில் அவள் பார்த்ததே இல்லை.

அதனால்தான் அவள் ஒரு கணம் சும்மா நின்றுவிட்டாள். ஆசைப்படுகிறார் போலிருக்கிறது, நான்தான் இத்தனை நாளும் வதைத்துவிட்டேனோ என்று ஒரு கணம். அந்த ஒரு கணத்துக்காக அவள் தன்னைப் பிறகு மன்னிக்கவே இல்லை.

“உறிஞ்சுங்கப்பா. அப்படித்தான். கடிக்காதீங்க. நூறு வயசு இருக்கணும் நீங்க!”

எல்லாரும் ‘நூறு வயசு, நூறு வயசு’ என்று கத்தினார்கள். இழை உள்ளே போனது, இன்னும் போனது. பிறகு நின்றது. அரை முழம் உதட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்க, கிழவர் கண்ணை அகல விழித்தார். இருமல் வரவில்லை. இருமல் வராததுதான் ஆபத்து என்பது அந்தக் கூட்டத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தன் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முழுங்குங்கப்பா, முழுங்குங்க,” என்றான் குவாங், சிரித்த முகத்தோடு, போனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

ஹுவே அவனை இடித்துத் தள்ளினாள். நாற்காலியோடு அவன் சாய்ந்தான். கிழவரின் நெஞ்சை இடது கையில் ஏந்தி முன்பக்கமாகக் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் ஓங்கி அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நாலாவது அடியில் தொண்டையில் ஏதோ இளகியது. வெளியே தொங்கிய இழையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. கடைசியில் எச்சிலோடும் ஒரு துண்டு ஈரலோடும் முழுசாக வந்து அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது.

கிழவர் இழுத்து மூச்சு வாங்கினார். பிறகு இருமினார்.

போனுக்குள்ளிருந்து ‘என்ன ஆச்சு? என்ன ஆச்சு?’ என்று ஒரு பெண்குரல். அப்போது லின் அத்தை முன்னால் குனிந்து, ஹுவேயின் மணிக்கட்டை உற்றுப் பார்த்துச் சொன்னாள்:

“பாத்தியா, அறுபடல. முழுசா வந்திருக்கு. நல்ல சகுனம்.”

இரண்டு வருடமாக அடக்கி வைத்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் உடைத்துக்கொண்டு வந்தது.

“அறுபட்டிருந்தா முழுங்கியிருப்பாரு அத்தை!” என்று கத்தினாள் ஹுவே. “அறுபடாததாலதான் சாகக் கிடந்தாரு! சகுனமா இது? எடுத்துக்கிட்டுப் போங்க. உங்க சாமி முன்னால மாட்டி வைங்க!” இழையைக் கையிலிருந்து உருவி மேசையில் அடித்தாள். “நான் வெட்டுறது உண்மைதான். தினமும் வெட்டுறேன். எழுநூறு நாளு அவரு ஆயுசை வெட்டியிருக்கேன். எழுநூறு நாளும் உசுரோட உக்காந்து தின்னாரு. நீங்க ஒரே ஒரு நாளு வெட்டாம குடுத்தீங்க!”

குவாங் எழுந்து, காற்சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டினான். அவன் முகம் வெளுத்திருந்தது. பயந்தவன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருபது பேரும் ஒரு போனும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூத்த மகனால் பேசாமல் இருக்க முடியுமா?

“எல்லாம் நீ பழக்கிவிட்டதுதான். ரெண்டு வருஷமா மெல்ல விடாம, முழுங்க விடாம பொடிப்பொடியா குடுத்துப் பழக்கிட்ட. மனுஷன் முழுங்கறதையே மறந்துட்டாரு.”

ஹுவேயின் கை பக்கத்தில் இருந்த சூப் அகப்பைக்குப் போனது. கியெட் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தான். அண்ணனைப் பிடிக்கத் தெரியாதவன், பெண்டாட்டியைப் பிடிக்க மட்டும் ஓடி வந்தான். அவள் உதறிய உதறலில் இரண்டடி பின்னால் போனான்.

“இப்ப வர்றீங்களா? இப்பத்தான் உங்களுக்குக் கால் வந்துச்சா? ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா? சொல்லுங்க உங்கண்ணன்கிட்ட!”

கியெட் அண்ணனைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

“அண்ணே... அவ சொல்றது நெசம்தான். டாக்டர் சொன்னாரு. நீளமா குடுத்தா... உசுருக்கே ஆபத்துன்னாரு.”

“அதைக் கொஞ்சம் முன்னாடி சொல்றதுக்கென்னடா?”

“நீங்க ஆசையா இருந்தீங்க.”

விருந்தாளிகளில் இரண்டு பேர் மெதுவாகச் செருப்பைத் தேடினார்கள். சண்டை வீட்டில் சூப்பை முடித்துவிட்டுப் போவதா, முடிக்காமல் போவதா என்று அவர்களுக்குக் குழப்பம். லின் அத்தை சாமியைப் பார்த்து உதடு அசைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் தம்பியும் யார் எப்போது எதைச் சொன்னார்கள், யார் எதைச் சொல்லவில்லை என்று குரலை உயர்த்திக்கொண்டே போனார்கள்.

“பசிக்குது.”

முதலில் யாருக்கும் காதில் விழவில்லை. கிழவர் இடது கையால் மேசையைத் தட்டினார்.

“பசிக்குது.”

இரண்டு வருடத்தில் அவர் பேசியதெல்லாம் பத்து வார்த்தை தேறாது. சட்டையெல்லாம் எச்சிலும் சூப்புமாக, கண்ணில் நீர் வழிய, குழறிக் குழறிச் சொன்னார். காலையிலிருந்து அவருடைய ஆயுளைப் பற்றி அத்தனை பேரும் பேசிவிட்டார்கள், அந்த மனிதர் வயிற்றில் இன்னும் ஒன்றும் போகவில்லை. ஹுவேக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அவளும்தானே கத்திக்கொண்டு நின்றாள்!

உருட்டிய நூடுல்ஸ் ஒன்றுகூட மிச்சம் இல்லை. அத்தனையும் எச்சில் வாளியில். வண்டியில் இருப்பது நீளம் மட்டும்தான். அவள் அதை நன்றாகக் குழைய வேகவைத்தாள். ஈரல், இறால், பன்றிக்கறி எல்லாவற்றையும் பொடியாகக் கொத்தித் தனித்தனியாக எடுத்துக்கொண்டாள். ஆணியிலிருந்து கத்தரியை எடுத்துக் கொதிநீரில் முக்கினாள். எல்லாவற்றையும் கொண்டுவந்து மாமனார் முன்னால் வைத்தாள். நீள நூடுல்ஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கத்தரி.

“ஐயோ, பொறந்தநாளு மேசையில கத்தரியா!” என்று லின் அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹுவே அவளைக் கண்டுகொள்ளவில்லை. கிழவரின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“மாமா, இன்னைக்கு உங்க பொறந்தநாளு. நீங்களே சொல்லுங்க. வெட்டட்டுமா, வேணாமா?”

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாருமே கேட்கவில்லை என்பது கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவளும் இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. நல்லது என்று தனக்குத் தெரிந்ததைச் செய்தாள், அவ்வளவுதான். கிழவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம், வெட்டித் தரச் சொன்ன வாடிக்கையாளரை எதிர்க்கடைக்குப் போகச் சொன்ன மனிதர் அவர். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வேலை செய்தது. வார்த்தை வரவில்லை. இடது கையைத் தூக்கினார். ஹுவேயைத் தாண்டி, மூத்த மகனைக் காட்டினார்.

“குவாங்.”

“அப்பா.”

“வெட்டு.”

குவாங் அசையவில்லை. “அப்பா, நானா? ஹுவே வெட்டட்டும்ப்பா... நான் மூத்தவன், என் கையால எப்படி...”

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. எல்லாருக்கும் புரிந்தது. அவள் கையால் வெட்டினால் பரவாயில்லையாம். அவன் கையில் அந்தப் பாவம் ஒட்டக் கூடாதாம். கிழவர் மேசையை மறுபடி தட்டினார். அப்பாவின் கை அப்படித் தட்டினால் என்ன அர்த்தம் என்பது பதினெட்டு வயதில் அந்த வண்டியில் நின்றவனுக்கு மறந்திருக்காது. உட்கார்ந்து கத்தரியை எடுத்தான்.

முதல் வெட்டு விரல் நீளத்துக்கு இருந்தது.

“இன்னும் சின்னதா,” என்றாள் ஹுவே.

அவன் வெட்டினான். கத்தரி கிண்ணத்தின் ஓரத்தில் டக்கென்று இடித்தது. போனுக்குள்ளிருந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

“இன்னும்.”

“இவ்வளவு போதாதா?”

“போதாது. நகத்தளவு.”

அவள் வாங்கி வெட்டியிருந்தால் அரை நிமிட வேலை. வாங்கவில்லை. குவாங்கின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு சூப்பில் விழுந்தது, கண்ணைத் துடைக்கவும் அவனுக்குக் கை ஒழியவில்லை. பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். அவளுக்குப் பாவமாக இல்லை. கிழவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

“வெட்டிட்டேன்,” என்றான் குவாங்.

ஹுவே கிண்ணத்துக்குள் பார்த்தாள். கொத்தி வைத்த ஈரலை இடது பக்கமும் இறாலை மேலேயும் வைத்தாள். கரண்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“ஒரு மணி நேரம் ஆகும்,” என்றாள். “ஊட்டுங்க.”